பெயர் ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம்

காஞ்சிபுரத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டராவது கண்ணில் படும். ஒரு போட்டோ, பெயர், தோற்றம் என்று ஒரு தேதி, மறைவு என்று ஒரு தேதி, கீழே வருந்தும் குடும்பத்தாரின் பட்டியல். பிள்ளையார்பாளையம் பக்கம் என்றால், போட்டோவில் இருப்பவர் பல நேரம் தறிக்குழியில் கால் வைத்தே ஆயுளைக் கழித்தவராக இருப்பார். ஆனால் போஸ்டரில் அது இருக்காது. பேரன் எந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறான், மருமகன் எந்தத் துறையில் அதிகாரி என்பதெல்லாம் வந்துவிடும். செத்துப்போன மனுஷன் ஐம்பது வருஷமா என்ன செஞ்சார்னு மட்டும் ஒரு வரி கிடையாது.

கொஞ்ச நாளாக இந்தக் கேள்வியைக் குடைந்துகொண்டிருக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு வயதான நெசவாளர் இறந்தால், எழுத்தில் அவரைப் பற்றி என்ன மிஞ்சுகிறது?

முதலில் அரசாங்கக் காகிதம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. ஒரு மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். இறப்புச் சான்றிதழை நாம் எல்லோரும் பார்த்திருப்போம்: பெயர், பாலினம், இறந்த தேதி, இடம், பெற்றோர் பெயர், கணவர் அல்லது மனைவி பெயர், முகவரி. தொழில் என்று ஒரு கட்டம் அதில் கிடையாது.

சரி, அரசாங்கம் தொழிலைக் கேட்பதே இல்லையா? கேட்கிறது. இறப்பைத் தெரிவிக்கும் படிவத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று சட்டப் பகுதி, இன்னொன்று புள்ளிவிவரப் பகுதி. பெயரும் முகவரியும் சட்டப் பகுதியில் வரும். மதம், தொழில், இறப்புக்கான காரணம், புகைபிடிப்பாரா, வெற்றிலை பாக்கு போடுவாரா, குடிப்பாரா என்பதெல்லாம் புள்ளிவிவரப் பகுதியில் வரும். காகிதப் படிவத்தில் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிடுவார்கள். சட்டப் பகுதி பதிவாளரிடம் தங்கும், மற்றது கணக்கெடுக்க மேலே போகும்.

டேட்டாபேஸ் வேலை பார்ப்பவனுக்கு இது பார்த்தவுடனே உறுத்தும். ஒரு டேபிளை இரண்டாக வெட்டி, பெயரை ஒரு பக்கமும் தொழிலை இன்னொரு பக்கமும் அனுப்பியாகிவிட்டது. அந்தரங்கம், புள்ளிவிவர வசதி என்று இதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. ஆனால் விளைவு என்ன? ஒரு பக்கம் தொழில் இல்லாத பெயர். இன்னொரு பக்கம் பெயர் இல்லாத நெசவாளர் எண்ணிக்கை.

இப்போது புடவைக்கு வருவோம். அது அப்படியே தலைகீழ். வேலை இருக்கும், பெயர் இருக்காது.

கோர்வைப் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் ஒரு நிறம், இரண்டு கரையும் வேறு நிறம். இதற்கு மூன்று நாடா வேண்டும்: உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒவ்வொன்று. ஒவ்வொரு ஓட்டத்திலும் உடலின் ஊடை இழையும் கரையின் ஊடை இழையும் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்க வேண்டும். ஒரே ஆள் இடது கரை, வலது கரை இரண்டையும் பார்த்துக்கொள்ள முடியாது. அதனால் நெசவாளருக்கு வலது பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து அந்தப் பக்கத்து நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுப்பார். பல வீடுகளில் அது தம்பியோ தங்கையோ மகனோதான், இல்லாவிட்டால் வெளியூரிலிருந்து வந்து தங்கிய பையன். ஒரு கோர்வைப் புடவை என்றால் குறைந்தது இரண்டு பேருடைய கைகள். அதற்குமுன் பட்டைச் சாயத்தில் நனைத்தவர், பாவு ஓட்டியவர், புதுப் பாவைப் பழைய பாவோடு இழை இழையாகப் பிணைத்தவர், ஊடைக்குத் தார் சுற்றிய வீட்டுப் பெண்கள். 2005-இல் காஞ்சிப் பட்டு புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பித்துப் பெற்றது. நல்ல விஷயம்தான். ஆனால் அது ஊரின் பெயரைக் காப்பாற்றுகிறது, ஆளின் பெயரை அல்ல.

பெண்கள் கதை இன்னும் மோசம். ஐம்பது வருஷம் தார் சுற்றிய ஆயாவுக்குப் படிவத்தில் தொழில் என்ன என்று கேட்டால், பிள்ளைகளே இல்லத்தரசி என்று சொல்லிவிடுகிறார்கள்.

சாமானியர்களை யாரும் எழுதி வைப்பதில்லை, எப்பவும் அப்படித்தானே என்று நீங்கள் கேட்கலாம். கைலாசநாதர் கோயிலுக்குப் போனால் அப்படித்தான் தோன்றும். ராஜசிம்ம பல்லவனின் பட்டப்பெயர்களைச் சிறு கோயில்களின் சுவர்களில் வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள், கட்டியவர்கள் யார் என்று தெரியாது. ஆனால் அதற்கும் முந்தைய நடுகற்கள் வேறு மாதிரி. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு நடுகல் இருக்கிறது. மாடுகளுக்காக நடந்த சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்காக வைத்தது. பக்கத்தில் அவனுடைய நாய். திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் கல்லில் இருக்கிறது. சுமார் 1,400 வருஷத்துக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் போன தலைமுறையில் வலது பக்கம் உட்கார்ந்தவர்களின் பெயர் தெரியாது. நடுகல்லில் பெயரும் அவன் செய்த காரியமும் ஒரே கல்லில் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

கல்லைக் காகிதமாக்கிய வழக்கம் ஒன்று யாழ்ப்பாணத்தில் உண்டு. ஒருவர் இறந்து 31-ஆம் நாள் காரியத்துக்கு வருபவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். அதன் பெயரே கல்வெட்டு. இப்போது நினைவு மலர் என்றும் சொல்கிறார்கள். இறந்த திதியை வெண்பாவில் சொல்லிவிடுவார்கள், வருஷா வருஷம் திவசம் கொடுக்க அது உதவும். பிறகு வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, உறவினரின் புலம்பல் பாடல்கள், தேவாரம். 2005-இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தில் இந்த மலர்களையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. பள்ளிக்கூடத்து வாத்தியார், கடைக்காரர், வெள்ளைக்காரன் காலத்தில் வேலைக்காக மலாயா போய்த் திரும்பியவர் என்று, சரித்திரப் புத்தகத்தில் வராத மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள்.

குறையும் உண்டு. படித்த வரையில் எல்லோருமே இன்சொல் பேசுபவர், ஈகைக் குணம் கொண்டவர். கோபக்காரர் ஒருத்தர்கூட யாழ்ப்பாணத்தில் சாகவில்லை போல! அச்சடிக்க வசதி இருந்தவர்களுக்குத்தான் மலர் என்பதும் உண்மை. இருந்தாலும் எந்த ஊரில் பிறந்தார், எங்கே படித்தார், யாரிடம் வேலை பார்த்தார் என்கிற எலும்புக்கூடு அதில் இருக்கிறது.

வேலை விஷயமாக மின்னசோட்டாவில் சில மாதங்கள் இருந்தபோது, அங்கே சின்ன ஊர்ப் பத்திரிகைகளில் இதே எலும்புக்கூட்டைப் பார்த்தேன். இன்னாரின் மகனாக இந்தப் பண்ணையில் பிறந்தார், இத்தனை வருஷம் பால் மாடு வைத்திருந்தார், இந்தச் சர்ச்சில் பாடினார், இன்னார் அவருக்கு முன்பே இறந்துவிட்டார்கள், இன்னார் இருக்கிறார்கள். எழுதுவது பெரும்பாலும் வீட்டு ஆட்கள்தான், எழுத்தாளர்கள் இல்லை.

போன வருஷம் எங்கள் தெருத் தாத்தா ஒருவர் தவறியபோது, பதினாறாம் நாளுக்கு நாலு பக்கத்தில் ஒன்று போடலாம் என்று அவர் பிள்ளைகளிடம் சொன்னேன். பெரியவர் தயங்கினார். "தறி ஓட்டினார்னு போடணுமா தம்பி? பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கோம்." போஸ்டரில் ஏன் அந்த வரி இல்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த நேரடியான பதில் அதுதான். மறதி இல்லை, கூச்சம். கூலி கட்டாமல் பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்பிய தலைமுறையின் கூச்சம். நான் வாதாடவில்லை. ஆயாவிடம் உட்கார்ந்து கேட்டேன்.

கேள்வி கேட்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "தாத்தா எப்படிப்பட்டவர்?" என்றால் "நல்ல மனுஷன்பா" என்பதோடு முடிந்துவிடும். தறி எந்த அறையில் இருந்தது, யாரிடம் கற்றுக்கொண்டார், எந்த நிறத்துக்கு நெய்யப் பிடிக்காது, தறி எப்போது நின்றது, குழியை யார் மூடினார்கள் என்று கேட்டால் பேச்சு நிற்காது. தறிக்குழி மேல் சிமென்ட் போட்ட அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை என்று ஆயா சொன்னபோது, பக்கத்தில் நின்ற பெரியவர் "எனக்கே தெரியாதேம்மா" என்றார். அதற்குப் பிறகு தறி பற்றி எழுத வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

வலது பக்கம் உட்கார்ந்தவர்கள் யார் யார் என்று கடைசியாகக் கேட்டேன். முதலில் தாத்தாவின் தங்கை, அவர் கல்யாணமாகிப் போனதும் தம்பி, பிறகு இரண்டு மகன்கள். நாலு பேரின் பெயரும் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது, தார் சுற்றிய ஆயாவின் பெயரோடு. நடுவில் ரெண்டு வருஷம் ஒரு பையன் வீட்டிலேயே தங்கி வேலை செய்தானாம். அவன் பெயர் ஆயாவுக்கு எவ்வளவு யோசித்தும் வரவில்லை. வந்தவாசி பக்கத்துப் பையன் என்று போட்டிருக்கிறோம்.