நீர் பிரியும் மேடு, செல் பிரியும் கோடு

குற்றாலத்தில் அருவியாக விழும் தண்ணீர் சிற்றாறாகித் தென்காசியைக் கடக்கிறது. சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. அதே மலையின் மறுபக்கம், ஆரியங்காவில் பெய்யும் மழை கல்லடையாற்றில் இறங்கி, கொல்லத்தை ஒட்டிய அஷ்டமுடிக் காயலுக்குப் போய்விடுகிறது. பக்கத்துப் பக்கத்தில் விழுந்த இரண்டு துளிகளை இரண்டு கடல்களுக்குப் பிரித்து அனுப்புவது மலைமுகட்டில் ஓடும் ஒரு கோடு. புவியியல் பாடத்தில் அதை நீர்ப்பிரிமேடு என்று படித்திருப்போம்.

இந்தக் கோட்டை வரையும் கணக்கு, மலையே இல்லாத இரண்டு இடங்களில் இன்று பயன்படுகிறது. ஒன்று, எடை குறைந்த, தேயாத உலோகங்களை உருவாக்கும் பொறியியல் ஆய்வுக்கூடம். மற்றொன்று, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தேடும் மருத்துவ ஆய்வுக்கூடம்.

முதலில் உலோகம். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்றில் சுற்றும் காற்றாலைகளைத் தென்காசி, சுரண்டை வட்டாரத்தில் எங்கும் பார்க்கலாம். அவற்றின் இறக்கை கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த காம்போசிட். தனித்தனியே இல்லாத வலிமை சேர்க்கையில் வருகிறது. பிசினுக்குப் பதில் அலுமினியத்தை வைத்து, அதற்குள் சிலிக்கன் கார்பைடு போன்ற கடினமான துகள்களைப் பரப்பினால் அது உலோகக் காம்போசிட். அலுமினியம் எடை குறைந்தது. ஆனால் உராய்வில் சீக்கிரம் தேயும். சிலிக்கன் கார்பைடு வைரத்துக்குச் சற்றே கீழான கடினம் உள்ளது. ஆனால் தட்டினால் உடையும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். டொயோட்டா நிறுவனம் 1983ல் டீசல் எஞ்சின் பிஸ்டனில், வளையம் உட்காரும் பகுதியை இப்படி அலுமினா இழைகளால் வலுப்படுத்தியது. வார்ப்பு முறையில் இத்தகைய பொருள்களைச் செய்யும் ஆய்வில் பி.கே. ரோஹத்கி, எம்.கே. சுரப்பா போன்ற இந்திய உலோகவியலாளர்கள் முன்னோடிகள்.

இதைச் செய்யும் எளிய முறைக்குக் கலக்கி வார்த்தல் என்று பெயர். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். மூசையில் அதற்கும் மேலே சூடேற்றி, சுழலும் துடுப்பால் நீர்ச்சுழி போல ஒரு குழியை உண்டாக்கி, அதில் துகள்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவார்கள். சொல்வதற்கு எளிது. உண்மையில் உருகிய அலுமினியம் அந்தத் துகள்களின் மேல் ஒட்டாமல் விலகும். அதனால் துகள்களை முன்கூட்டியே சூடாக்கி ஈரம் போக்குவார்கள். ஒட்டுவதற்காகச் சிறிதளவு மக்னீசியம் சேர்ப்பார்கள். கலக்குவது குறைந்தால் கனமான துகள் அடியில் படியும். அதிகமானால் காற்று உள்ளே இழுபட்டு ஓட்டைகள் விழும். சூடு எல்லை மீறினால் அலுமினியம் கார்பைடு என்ற நொறுங்கும் பொருள் உருவாகும். அது ஈரக் காற்று பட்டாலே சிதையத் தொடங்கும். சாரல் காலத்தில் மாதக்கணக்கில் ஈரம் தங்கும் தென்காசி வட்டாரத்துக்கு அந்தக் குறை சின்னதல்ல.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல், துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகிவிடுவது. சுமை ஏறும்போது விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அதைத் தவிர்க்க ஒரு வழி, உலோகத்தை உருக்காமலே கலப்பது. இங்கிலாந்தின் வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் 1991ல் உராய்வுக் கலப்புப் பற்றவைப்பு கண்டுபிடிக்கப்பட்டது. சுழலும் கருவியை உலோகத்தில் அழுத்தினால் உராய்வுச் சூட்டில் உலோகம் மெழுகாக இளகும், உருகாது. அதே முறையில் மேற்பரப்பில் துகள்களைக் கலக்கும் ஆய்வு தமிழகப் பொறியியல் கல்லூரிகளில் இன்று நிறைய நடக்கிறது.

எந்த முறையில் செய்தாலும் கடைசியில் ஒரே கேள்வி: துகள்கள் சீராகப் பரவியிருக்கின்றனவா? மாதிரியை வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, கண்ணாடி போலப் பளபளப்பாக்கி, அமிலத்தில் அரித்து, நுண்ணோக்கியின் கீழே வைப்பார்கள். படத்தில் தெரியும் துகள்களை எண்ண வேண்டும், அளக்க வேண்டும், இடைவெளியைக் கணக்கிட வேண்டும். இரண்டு துகள்கள் தொட்டுக்கொண்டிருந்தால் கணினிக்கு அது ஒரே பெரிய துகள். இங்கேதான் நீர்ப்பிரிமேடு வருகிறது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண் உண்டு. அந்த எண்ணை உயரம் என்று வைத்துக்கொண்டால் படம் முழுவதும் மேடும் பள்ளமுமான நிலமாகிவிடும். ஒட்டியிருக்கும் துகள்களுக்கு இன்னொரு உத்தி: ஒவ்வொரு புள்ளியும் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்து, நடுப்பகுதியை ஆழமான பள்ளமாக்குவது. பிறகு ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலிருந்தும் தண்ணீர் ஊறி ஏறுவதாகக் கணக்கிடுவார்கள். இரண்டு பள்ளங்களின் தண்ணீர் சந்திக்கும் இடத்தில் ஒரு கரை எழும். அந்தக் கரைதான் இரண்டு துகள்களின் எல்லை.

இந்த முறை பிறந்ததும் தாதுவையும் உலோகத்தையும் பார்த்த கண்களிலிருந்துதான். பிரான்சில் 1964ல் ஜார்ஜ் மத்தெரோனும் ஜான் செராவும் இரும்புத் தாதுவின் உள்ளமைப்பை அளக்கும் முயற்சியில் ஒரு புதிய கணிதத்தைத் தொடங்கினார்கள். அந்த வழியில் வந்த பெஷேயும் லாந்துவெழுலும் 1979ல் நீர்ப்பிரிமேட்டை எல்லை வரையும் கருவியாக்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, உடைந்த எஃகின் முகங்கள். 1991ல் வின்சென்டும் சுவாயும் வேகமான கணிப்பு முறையைத் தந்தபின் அது எல்லாத் துறைக்கும் பரவியது. இன்று இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் ஒரு கட்டளையாகவே அது கிடைக்கிறது.

அடுத்து மருத்துவ ஆய்வுக்கூடம். அங்கே மேசையில் இருப்பது பாப் ஸ்மியர். கிரேக்கத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் ஜார்ஜ் பாப்பனிக்கொலாவ், ஹெர்பர்ட் டிராட்டுடன் சேர்ந்து 1943ல் வெளியிட்ட நூலால் உலகம் ஏற்ற பரிசோதனை இது. கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை மெல்லச் சுரண்டி எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் பரப்பி, சாயமேற்றுவார்கள். செல்லின் கரு (நியூக்ளியஸ்) நீலமாகத் தெரியும். சுற்றியுள்ள பகுதி பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறங்களில் தெரியும். நல்ல செல்லில் கரு சிறியது, ஓரம் வழவழப்பானது. மாறத் தொடங்கிய செல்லில் கரு பெருக்கும், கறுக்கும், ஓரம் கோணும்.

எவ்வளவு பெருத்தால் சந்தேகிக்க வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. நடு அடுக்கைச் சேர்ந்த இடைநிலைச் செல்லின் இயல்பான கரு சுமார் 35 சதுர மைக்ரோமீட்டர். அதைப்போல் இரண்டரை, மூன்று மடங்கானால் மருத்துவர் சந்தேகக் குறிப்பு எழுதுவார். ஸ்லைடிலோ செல்கள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும். ஒட்டிய இரண்டு கருக்களைக் கணினி ஒன்றாக எண்ணினால், நோய் இல்லாத பெண்ணுக்கு வீண் அச்சம். கோணலான ஒரே கருவை இரண்டாக வெட்டிவிட்டால், இருக்கும் நோய் கண்ணில் படாமல் போகும். உலோகத்தில் துகள்களைப் பிரித்த அந்தக் கோடு இங்கே ஓர் உயிரின் கணக்கு.

நீர்ப்பிரிமேட்டு முறைக்கும் பலவீனம் உண்டு. படத்தின் ஒவ்வொரு சிறு தூசியும் ஒரு பள்ளமாகிவிடுவதால், செல் துண்டு துண்டாகச் சிதறும். அதனால் எங்கே தண்ணீர் ஊற வேண்டும் என்று முன்கூட்டியே குறியிட்டுக் கொடுப்பார்கள். 2015ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் உருவான யூ-நெட் என்ற செயற்கை நரம்பு வலைப்பின்னல், மனிதர் எல்லை வரைந்து கொடுத்த படங்களிலிருந்து செல்லைப் பிரிக்கத் தானே கற்றுக்கொள்கிறது. ஒட்டியுள்ள செல்களின் நடுக்கோட்டுக்குப் பயிற்சியில் கூடுதல் முக்கியத்துவம் தருகிறது.

ஆனால் இத்துறையின் ஆய்வுகள் பலவும் டென்மார்க்கின் ஹெர்லெவ் மருத்துவமனைப் படத்தொகுப்பை நம்பியிருக்கின்றன. அதில் இருப்பவை 917 செல்கள், ஒவ்வொன்றும் தனியாக வெட்டி எடுத்த படம். அதில் ஒரு மென்பொருள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. வழக்கமான ஒரு ஸ்லைடு போதுமானது என்று சொல்லவே குறைந்தது 8,000 செல்களாவது அதில் இருக்க வேண்டும். அதில் சளி இருக்கும், ரத்தம் இருக்கும், சாயம் திட்டாகப் படிந்திருக்கும். மூசையில் சரியாகக் கலக்காத உலோகத்தை எந்த மென்பொருளும் நல்ல உலோகமாக்காது. சரியாக எடுக்காத ஸ்லைடுக்கும் அதே விதிதான்.

அதைவிடப் பெரிய பாடத்தைத் தமிழ்நாடே உலகுக்குச் சொன்னது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாக வைத்து 2000ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கிராமப் பெண்களின் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். மாறிய திசு ஒரு நிமிடத்தில் வெள்ளையாகத் தெரியும். நுண்ணோக்கி இல்லை, கணினி இல்லை. 30 முதல் 59 வயது வரையான பெண்களுக்குப் பரிசோதனையும், தேவைப்பட்டவர்களுக்கு உறைய வைக்கும் சிகிச்சையும் தந்த ஊர்களில் இந்த நோயால் நேர்ந்த இறப்பு, தராத ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்தது. 2007ல் லான்செட் இதழ் அதை வெளியிட்டது. பிறகு தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமாகத் தொடங்கிய அரசுப் பரிசோதனைத் திட்டம் மாநிலம் முழுவதும் விரிந்தது.

அப்படியானால் கணினி வேண்டாமா? வேண்டும். இந்தியாவில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. ஸ்லைடு பார்க்கும் வல்லுநர்கள் பெருநகரங்களில்தான் அதிகம். சந்தேகமான செல்களை முதலில் பொறுக்கித் தரும் இயந்திரம், மாவட்ட மருத்துவமனையின் ஒரே நிபுணருக்குப் பெரிய துணையாகும். அதற்கு நம் பெண்களின் ஸ்லைடுகளில், நம் ஆய்வுக்கூடச் சாயத்தில், நம் ஊர்ச் சூழலில் பயிற்சி தர வேண்டும். பொறியியல் கல்லூரிகளும் அரசு மருத்துவமனைகளும், பெண்களின் ஒப்புதலோடும் அடையாளம் வெளிப்படாமலும், அத்தகைய படத்தொகுப்பைச் சேர்ந்து உருவாக்க வேண்டும். துகளைப் பிரிக்கத் தெரிந்த மாணவருக்குச் செல்லைப் பிரிப்பதற்கான கணிதம் கையிலேயே இருக்கிறது. இல்லாதது ஸ்லைடுதான்.

ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர்ப் பக்கம் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களுக்கு ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் கூலி போகும். அதனாலேயே பலரும் தங்கள் உடம்பைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். இந்த நோயோ சாதாரண செல்லிலிருந்து புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அந்த நீண்ட இடைவெளியில் ஒரு பரிசோதனை கண்டுபிடித்துவிட்டால், புற்றாகும் முன்பே தடுத்துவிடலாம். உங்கள் வீட்டில் 30 வயதைக் கடந்த பெண்கள் இருந்தால், அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். வலியோ உதிரப்போக்கோ வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.