குடல் குறுகியவருக்கு தண்ணீரும் பகையாகலாம்!

சில வருடங்களுக்கு முன் எம்மிடம் ஒரு மகன் தன் தாயாரைக் கூட்டிவந்தார். குடலுக்குச் செல்லும் நாடியில் இரத்தம் உறைந்ததால் அம்மாவின் சிறுகுடலில் பெரும்பகுதியை வெட்டியெடுத்து, மீதியை வயிற்றுத் தோலில் திறந்து பை பொருத்தியிருந்தார்கள்.

"டொக்டர், அம்மாவுக்கு ஒரே தாகம். தண்ணி குடுக்கக் குடுக்க பை நிரம்புது. சலம் போறதே இல்லை" என்றார் மகன்.

"தண்ணியைக் குறையுங்கோ" என்றோம். தாயும் மகனும் எம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்!

வளர்ந்த ஒருவரின் சிறுகுடல் ஏறத்தாழ 3 முதல் 8 மீற்றர் வரை நீளமானது. அது 2 மீற்றருக்கும் குறைந்தால் குறுங்குடல் நோய் என்கிறோம். குரோன்ஸ் நோய், கதிர்ச்சிகிச்சை, இரத்தக்கட்டி எனக் காரணங்கள் பல. எம்மவர் சிலருக்கு ஷெல் காயமும் காரணம்.

மேற்பகுதிக் குடலின் சுவர் சல்லடை போன்றது. உப்பில்லாத நீர் அங்கே போனால், குருதியிலுள்ள சோடியம் குடலுக்குள் கசியும். நீரும் அதன் பின்னால் போகும். குடித்ததைவிடக் கூடுதலாகப் பையில் வரும். வெறுந்தேத்தண்ணீர், பழச்சாறு, சோடியம் குறைந்த இளநீர் எல்லாமே இந்தக் கணக்குத்தான். பையில் நீர் அதிகமாகப் போவோருக்கு இவையெல்லாம் சேர்த்து நாளுக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றருக்குள் என்று வைத்தியர்கள் மட்டுப்படுத்துவார்கள்.

மிகுதித் தாகத்துக்கு என்ன செய்வது? குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து வந்தால் குடல் இரண்டையும் ஒன்றாக உறிஞ்சும், நீரும் கூடவே போகும். 1971இல் மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் கொலரா பரவி, சேலைன் தீர்ந்துபோனபோது, வைத்தியர் திலீப் மகாலனாபிஸ் இப்படிப்பட்ட கரைசலை வாயால் கொடுத்தே பல உயிர்களைக் காத்தார். எமது ஊரில் ஜீவனிப் பக்கெற் என்று நாமும் முகாம்களில் கரைத்துக் கொடுத்தது இதைத்தான். குறுங்குடலுக்கு இன்னும் உப்பு வேண்டும். லண்டன் சென்ற் மார்க்ஸ் வைத்தியசாலையின் கரைசலில் ஒரு லீற்றர் நீருக்கு குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம், சோடியம் பைகாபனேற் 2.5 கிராம். உங்கள் அளவை வைத்தியரிடமோ உணவியலாளரிடமோ கேட்டே தொடங்குங்கள். நீரிழிவு, இருதய நோய் உள்ளோர் கட்டாயம் கேட்கவேண்டும்.

சாப்பாட்டைச் சிறுகச் சிறுக, பல தடவையாக உண்ணவேண்டும். உணவோடு நீர் குடிக்கக்கூடாது. பிரஷருக்குப் பயந்து உப்பைக் குறைத்துப் பழகியவர்களிடம் "உப்புப் போடுங்கோ" என்று சொல்லி நம்பவைப்பதுதான் எமக்குப் பெரிய பாடு! பெருங்குடல் இணைந்திருப்பவருக்கு சோறு, பாண் நல்லது. அங்குள்ள பற்றீரியாக்கள் மாச்சத்தைச் சக்தியாக்கித் தரும். ஆனால் பசளிக்கீரை, கச்சான், கடுந்தேநீர் சிறுநீரகக் கல்லைக் கொண்டுவரலாம்.

லொப்பரமைட் மாத்திரையை உணவுக்கு அரை மணி நேரம் முன் எடுத்தால் உணவு குடலில் தங்கும் நேரம் கூடும். ஆரம்ப மாதங்களில் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் உதவும். விழுங்கிய மாத்திரை பையில் முழுசாக வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சிறுகுடலின் கடைப்பகுதி இல்லாதவருக்கு விற்றமின் பி12 ஊசி ஆயுள் முழுக்கத் தேவை.

மிஞ்சிய குடல் இரண்டு வருடம் வரை மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும். இதைத் தூண்டும் டெடுகுளுற்றைட் என்ற நாளாந்த ஊசி 2012இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. அதற்குமுன் பெருங்குடலில் கட்டிகள் உண்டா என்று பார்ப்பார்கள். போதாதவர்களுக்கு இரவில் நாளம் வழியாகப் போசணை ஏற்றலாம், வீட்டிலேயே.

எழும்பும்போது தலைசுற்று, சலம் குறைதல், விரல் விறைப்பு, பையில் வழமையைவிட அதிக நீர் என்றால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

அந்த அம்மாவுக்கு முதலில் கரைசலின் சுவை பிடிக்கவில்லை. குளிரூட்டியில் வைத்து, உறிஞ்சுகுழாயால் குடிக்கச் சொன்னோம். 24 மணி நேரத்துக்குப் பின் மிஞ்சியதை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும்.