குளக்கரையில் மொபைல்

களப்பயணம் என்றால் மாணவர்களிடம் மொபைலைப் பிடுங்கி வைக்கணும் என்கிற கட்சி நான். 2013இல் வெளிவந்த ஹார்வர்டின் ஈகோமொபைல் ஆய்வைப் படித்தபின் அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கு.

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் பிளாக்ஸ் நூக் என்றொரு குளம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மொபைலோடு கரையைச் சுற்றுகிறார்கள். குறிப்பிட்ட இடம் வந்ததும் திரையில் கேள்வியோ படமோ வரும். ஆனால் அளவுக்கருவியைத் தண்ணீரில் விட்டு, கரைந்த ஆக்சிஜன் எவ்வளவு, கலங்கல் எவ்வளவு என்று பார்ப்பது பிள்ளைகள் வேலை. வேறோர் இடத்தில் மறுபடி அளந்து, ஏன் வித்தியாசம் என்றும் யோசிக்கணும்.

"அடுத்து என்ன செய்யணும் மிஸ்?" என்பதற்கு மொபைலே பதில் சொல்லிவிடுவதால், ஆசிரியருக்குப் பிள்ளைகளோடு நின்று பேச நேரம் கிடைக்குது. எனக்குப் பிடித்தது இதுதான். திரையை விட்டுக் கண் எடுக்காத பிள்ளைக்கு? குளத்தைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்கிற மாதிரி கேள்வி வைக்கணும்.