உங்களுக்குத் தெரியுமா? வெயிற்பழுதைத் தேயிலை ஒளியால் ஆற்றும், நாம் வெட்டி ஆற்றுகிறோம்

இலங்கையின் கலஹா தேயிலை மலைச்சரிவில் கொழுந்தின் மீதும், அதைப் பறிக்கும் கையின் மீதும், குரங்கின் முகத்தின் மீதும் ஒரே வெயில்தான் படுகிறது. அதன் புறஊதாக் கதிர் டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்த தைமின் எழுத்துகளை ஒட்டவைத்துவிடும். தாவரங்கள் ஃபோட்டோலயேஸ் என்ற நொதியால், நீல ஒளியின் துணையோடு அந்த ஒட்டைப் பிரிக்கின்றன. கங்காருவுக்கும் அந்த நொதி உண்டு. குரங்கும் மனிதரும் அடங்கிய நஞ்சுக்கொடிப் பாலூட்டிகள் அதை இழந்துவிட்டன. பழுதைச் சுற்றி ஏறத்தாழ 30 எழுத்துகளை வெட்டியெடுத்து, எதிரிழையைப் பார்த்து நிரப்பும் நீண்ட வழியையே நம் உயிரணுக்கள் நம்பியிருக்கின்றன. இதை விளக்கிய அஸிஸ் சன்ஜார் 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கறுத்த தோல் காக்காதா என்று கேட்கலாம். காக்கும், ஆனால் முழுமையாக அல்ல: இந்தப் பழுதுபார்ப்பு பிறவியிலேயே குன்றிய ஸெரோடெர்மா பிக்மென்டோசம் நோயில், கறுத்த தோலினருக்கும் இளவயதிலேயே தோல் புற்றுநோய் வருகிறது. ஆகவே, கொழுந்து பறிப்போருக்கு அகன்ற தொப்பியும் முழுக்கைச் சட்டையும் தோட்ட நிர்வாகங்களே வழங்க வேண்டும்.