பழைய காரின் டைமிங் பெல்ட்

11 ஆண்டுகளில் 30,000 கிலோமீட்டரே ஓடிய கார் கிடைத்ததென்று நண்பர் ஒருவர் மகிழ்ந்தார். எனக்கோ அதன் டைமிங் பெல்ட்டைப் பற்றியே கவலை. எஞ்சினின் சுழற்சிக்கு இசைய வால்வுகளைத் திறந்து மூடச் செய்யும், பல் வைத்த ரப்பர் வார் அது. (சங்கிலி பூட்டிய எஞ்சினானால் இப்பேச்சே வேண்டா.) பெரும்பாலும் முன்னறிவிப்பின்றியே அறும், அறுந்தால், பல எஞ்சின்களில் மேலெழும் பிஸ்டன் திறந்து நிற்கும் வால்வை மோதி வளைத்துவிடும். பழைய காருக்கு அச்செலவு அதன் விலையையே எட்டக்கூடும்.

பல கார்களுக்கு 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர் வரை கெடு உண்டு. ஆனால், நின்ற காரிலும் ரப்பர் மூப்படையும்; ஆகவே கையேடு ஆண்டுக் கணக்கும் சொல்லுமாயின், எது முந்துகிறதோ அதையே கொள்ளவேண்டும். மாற்றியதற்கு ரசீது இல்லையேல், மாற்றவில்லை என்றே நான் கருதுவேன். இவ்வாரே நீர்ப் பம்பையும் சுழற்றும் கார்களில், அதையும் உடன் மாற்றினால் இரட்டைக் கூலி மிஞ்சும்.