கம்பைல் செய்துவிட்டால் நிரல் மறைந்துவிடுமா?

சில வருடங்களுக்கு முன் அச்சகம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன் செய்தார். "உங்க கன்வர்ட்டர் மாதிரியே இன்னொண்ணு வந்திருக்கு, பார்த்தீங்களா? பாதி விலைதான்" என்றார். வாங்கிப் பார்த்தேன். பெயர் வேறு, திரை வேறு, நிறம் வேறு. உள்ளே ஓடியது என் நிரல்.

எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முன், அது என்ன நிரல் என்று பார்த்துவிடலாம்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள். கேட்டால் சின்ன வேலை போலத் தெரியும். பழைய முறையில் கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி கொம்பை முதலில் அடித்து, பிறகு எழுத்தை அடிப்பார்கள். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. இடம் மாற்றினால் போதும். ஆனால் ஔகாரத்தின் வலது பக்கக் குறியும் 'ள' என்ற எழுத்தும் பழைய எழுத்துருக்களில் ஒரே விசைதான். விவரம் தெரியாத நிரல் 'வெள்ளி' என்பதில் உள்ள ளகரத்தை ஔகாரக் குறியாக எடுத்துக்கொண்டு ஒரு கோணல் சொல்லைக் கொடுக்கும். இப்படி ஒவ்வொரு புத்தகமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த விதிவிலக்குப் பட்டியல்தான் என் நிரலின் உயிர். கோடிங் என்று பார்த்தால் இரண்டு வாரம். பட்டியலுக்கு நாலு வருடம்.

சி ஷார்ப்பில் எழுதியது. 'எக்ஸி ஃபைலைத்தானே கொடுக்கிறோம், சோர்ஸ் நம்மகிட்டதானே இருக்கு' என்று நிம்மதியாக இருந்தேன். பி.இ. படித்தவன், கம்பைலர் பாடத்தில் பாஸ் ஆனவன், இப்படி நினைத்தது வெட்கம்தான்.

சி, சி++ போன்ற மொழிகளில் கம்பைலர் நேராக ப்ராசஸருக்கான கட்டளைகளாக மாற்றிவிடும். டாட்நெட் அப்படி இல்லை. ஐ.எல். என்ற இடைமொழியாக மாற்றி வைக்கிறது. ஓடும் நேரத்தில்தான் அது இயந்திரக் கட்டளை ஆகிறது. ஜாவாவின் பைட்கோடும் இதே கதை. இந்த இடைமொழியோடு மெட்டாடேட்டா என்று ஒரு பதிவேடும் போகிறது: எந்தெந்த வகுப்பு, எந்தெந்த மெத்தட், அவற்றின் பெயர்கள், என்ன கொடுத்தால் என்ன திரும்பும், எல்லாம். நாம் எழுதிய குறிப்புகள் போய்விடும். மெத்தடுக்குள் இருக்கும் சின்ன மாறிகளின் பெயர்களும் எக்ஸியில் இருக்காது. மற்ற எல்லாம் அப்படியே இருக்கும். ஐ.எல்.ஸ்பை என்ற இலவசக் கருவியில் ஃபைலை இழுத்துப் போட்டால் சில விநாடிகளில் சி ஷார்ப்பாகவே படிக்கலாம்.

அந்தப் 'புது' மென்பொருளை நானும் இழுத்துப் போட்டேன். முக்கியமான மெத்தடுக்கு ஆங்கிலத்தில் 'கன்வர்ட்லைன்' என்று பெயர் வைத்திருக்க வேண்டும். அவசரத்தில் 'ஆர்' எழுத்தை விழுங்கி 'கன்வெட்லைன்' என்று அடித்துவிட்டு, அப்புறம் மாற்றச் சோம்பல்பட்டு விட்டுவைத்திருந்தேன். அந்த ஓட்டைப் பெயர் அங்கே உட்கார்ந்திருந்தது, என் எழுத்துப்பிழையோடு.

விற்றவருக்குப் போன் செய்தேன். "எங்க பையன் எழுதினது சார்" என்றார். பிழையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "பார்த்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். சில வாரங்களில் அது விற்பனையில் இல்லை.

அதற்குப் பிறகுதான் ஆஃபஸ்கேட்டர் பக்கம் போனேன். குழப்பிவிடும் கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை, எல்லாப் பெயரையும் ஏ, பி, சி என்று மாற்றுவது. இரண்டாவது, நிரலுக்குள் இருக்கும் சொற்றொடர்களைப் பூட்டி வைப்பது. மூன்றாவது, ஓட்டத்தைச் சுற்றி வளைத்து, டிகம்பைலருக்கு எது லூப், எது நிபந்தனை என்று புரியாமல் செய்வது.

இதில் திரும்ப எடுக்க முடியாதது முதல் வேலை மட்டும்தான். பழைய பெயர் ஃபைலிலேயே இல்லை, யாராலும் மீட்க முடியாது. சொற்றொடரைப் பூட்டினால் சாவியும் அதே ஃபைலுக்குள்தான் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நிரலாலேயே படிக்க முடியாதே! வாசலில் பூட்டைப் போட்டுச் சாவியை மிதியடிக்குக் கீழே வைக்கிற கதை. பிரபலமான பல குழப்பிகளின் வேலையைத் தானாகவே பிரித்துப் போட டீ4டாட் போன்ற கருவிகள் இருக்கின்றன.

உரிமச் சோதனையும் அப்படித்தான். ஆர்.எஸ்.ஏ. கையொப்பம் வைத்தால் போலி உரிமக் கோப்பை யாரும் தயாரிக்க முடியாது, தனிச் சாவி என்னிடம் மட்டும் இருப்பதால். ஆனால் கடைசியில் 'சரியா, இல்லையா' என்று ஒரு கேள்வி வரும். அந்த ஒரு கட்டளையைத் திருப்பிப் போட்டால் கணிதம் எல்லாம் வீண்.

அப்போ சி++க்குப் போய்விடலாமா? அங்கே பெயர்கள் பெரும்பாலும் இருக்காது, படிப்பது நிஜமாகவே கஷ்டம். ஆனால் அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. 2019இல் கித்ரா என்ற கருவியை இலவசமாக வெளியிட்டுவிட்டது. இயந்திரக் கட்டளையிலிருந்து சி போன்ற ஒன்றை அது எடுத்துத் தரும். பொறுமை உள்ளவனுக்கு அது போதும்.

எந்த நிரலையும் முழுக்கப் புரியாததாக ஆக்கிவிடும் பொதுவான குழப்பி ஒன்று சாத்தியமா என்றே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2001இல் போவாஸ் பராக் உள்ளிட்ட ஏழு பேர் ஒரு ஆய்வுக் கட்டுரையில், 'நிரலை ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு எதுவும் கசியக்கூடாது' என்ற கண்டிப்பான அர்த்தத்தில் எல்லா நிரலுக்கும் பொருந்தும் குழப்பி இருக்க முடியாது என்று நிரூபித்தார்கள். படித்தபோது எனக்கு ஏமாற்றத்தை விட நிம்மதிதான் வந்தது. என் கையாலாகாத்தனம் மட்டும் இல்லையே!

உண்மையான பாதுகாப்பு, கொடுக்காமல் இருப்பதுதான். விதிவிலக்குப் பட்டியலை என் சர்வரில் வைத்துக்கொண்டு பதிலை மட்டும் அனுப்பலாம். செய்து பார்த்தேன். வெளிவராத நாவலை இன்னொருவர் கம்ப்யூட்டருக்கு அனுப்ப எந்தப் பதிப்பாளரும் சம்மதிக்கவில்லை. அவர்கள் பயமும் என் பயமும் ஒன்றுதான் என்பதால் வாதாட முடியவில்லை.

ஆக, இப்போது பெயர் மாற்றம் மட்டும் செய்கிறேன். அதிலும் முதல் முறை அடி வாங்கினேன். வாடிக்கையாளர்களின் அமைப்புகளை எக்ஸ்.எம்.எல். கோப்பில் சேமிக்கிறேன். அது பண்புகளின் பெயரை வைத்து வேலை செய்யும். பெயர்கள் மாறியதும் எல்லோருடைய அமைப்புகளும் காணாமல் போயின. அந்த வகுப்புகளுக்கு விலக்குக் கொடுத்தேன். பிழை அறிக்கையில் 'ஏ.பி.சி.யில் கோளாறு' என்று வந்தால் எது எது என்று பார்க்க, ஒவ்வொரு வெளியீட்டின் பெயர்ப் பட்டியலையும் தனியாக எடுத்து வைக்கிறேன்.

ஒரு சங்கடமும் புரிந்தது. அன்றே பெயர்களை மாற்றியிருந்தால் அந்த எழுத்துப்பிழை போயிருக்கும், இவ்வளவு சுலபமாக நான் நிரூபித்திருக்க முடியாது. அதனால் விதிவிலக்குப் பட்டியலில் தமிழில் எங்குமே இல்லாத மூன்று சொற்களைச் சேர்த்திருக்கிறேன், வரைபடம் போடுகிறவர்கள் இல்லாத தெருவை வரைந்து வைப்பார்களே, அது போல. அவற்றை விதிப்படி மாற்றாமல், வேண்டுமென்றே தப்பாக மாற்றும். பட்டியலை எடுத்தவர் வேறு மொழியில் திரும்ப எழுதினாலும், அந்தச் சொல்லை உள்ளே கொடுத்தால் அதே தப்பு வெளியே வரும்.

எந்தச் சொற்கள் என்று கமெண்டில் கேட்காதீர்கள்.