உஷ்ஷ்… உங்க கிறிஸ் மாம் யாருன்னு எனக்குத் தெரியும்!

டிசம்பர் முதல் வாரம், மத்தியானம் மூன்றரை மணி. சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஏதாவது ஓர் ஐ.டி. அலுவலகத்தின் பேன்ட்ரிக்குள் எட்டிப் பாருங்கள். காபி மெஷின் பக்கத்தில் நாலு பேர் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் நுழைந்ததும் கப்சிப். சர்வர் படுத்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட் சீசன் ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான்!

இதை ஆடியே பார்க்காத பாவப்பட்டவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன விளக்கம். சீட்டுக் குலுக்குவார்கள். உங்கள் சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் உங்கள் பிள்ளை. நீங்கள் அவருடைய ரகசிய அம்மா. கிறிஸ்துமஸ் வரை முகம் காட்டாமல் பரிசும் அனுப்ப வேண்டும், டாஸ்க்கும் அனுப்ப வேண்டும். சீக்ரெட் சாண்டா என்று ஊர் உலகமெல்லாம் ஆடுவதுதான், சென்னைக்கு வந்ததும் அம்மா பிள்ளை உறவாகிவிட்டது. ஆண், பெண், வயசு எதுவும் கணக்கில்லை. கொடுவா மீசை வைத்த நெட்வொர்க் அட்மின் அண்ணன், போன மாதம் சேர்ந்த ஃபிரெஷர் பெண்ணுக்கு அம்மா. அந்தப் பெண் டெலிவரி மேனேஜருக்கு அம்மா!

சரி, திரைக்குப் பின்னால் போவோம். முதல் தலைவலி சீட்டிலேயே இருக்கிறது. டப்பாவில் போட்டுக் குலுக்கினால் யாருக்காவது அவர் பெயரே வந்து தொலைக்கும். பியர் ரேமோன் து மோன்மோர் என்ற பிரெஞ்சுக் கணிதக்காரர் 1708இல் சீட்டாட்டத்தை வைத்து எழுப்பிய கேள்வியும் இதுதான். ஒருவருக்காவது சொந்தப் பெயர் வந்துவிடும் வாய்ப்பு 100க்குச் சுமார் 63. பத்துப் பேர் ஆடினாலும் 63, இருநூறு பேர் ஆடினாலும் 63! அதனால் விவரமான ஹெச்.ஆர். பெண்கள் டப்பாவை நம்புவதில்லை. பெயர்களைக் கலைத்து வட்டமாக அடுக்கிவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வலப்பக்கத்தில் இருப்பவர் பிள்ளை, கதை முடிந்தது.

இந்த வட்டத்தில் இன்னொரு சௌகரியமும் உண்டு. ஆட்டத்தின் நடுவே யாராவது பேப்பர் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டால்? (ஐ.டி.யில் இது நடக்காத டிசம்பரே கிடையாது.) போனவருடைய அம்மா, போனவருடைய பிள்ளையைத் தத்தெடுத்துக்கொள்வார். நேற்றுவரை பாட்டி, இன்றைக்கு அம்மா!

குலுக்கல் முடிந்த பத்தாவது நிமிஷம் கள்ளச்சந்தை திறக்கும். “ஏய், எனக்கு மேனேஜர் வந்துட்டாரு, மாத்திக்கிறியா ப்ளீஸ்?” ஒரு பிரியாணியில் தொடங்கி சினிமா டிக்கெட் வரை பேரம் ஏறும். ஆனால் கெட்டிக்காரர்கள் மேனேஜர் சீட்டை விடவே மாட்டார்கள். வருஷம் பூராவும் அவர் நமக்கு வேலை கொடுக்கிறார். இந்த ரெண்டு வாரம் மட்டும் நாம் அவருக்கு வேலை கொடுக்கலாம். திங்கட்கிழமை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு வேட்டி கட்டி வர வேண்டும், ஸ்டேட்டஸ் கேட்கும்போது பாட்டாகவே கேட்க வேண்டும். அந்தக் காலை நேரத்தில் ஒருத்தர்கூட லீவு போட மாட்டார்கள், பாருங்கள்.

மார்கழியும் இந்தக் கூத்துக்குள் வந்துவிடும். “நாளைக்கு வாசல்ல புள்ளிக் கோலம் போட்டு போட்டோ அனுப்பு” என்று ஒரு டாஸ்க். பிரம்மச்சாரி பையன் விடிகாலையில் யூடியூப் பார்த்துக் கோலம் போட, பி.ஜி. வார்டன் குழம்பிப்போய் நிற்பார்.

அடுத்தது உளவு வேலை. துண்டுச்சீட்டை இடது கையால் எழுதுவார்கள். அக்கா பையனை எழுத வைப்பார்கள். பொய்ப் பெயரில் புது ஜிமெயில் திறப்பார்கள். பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் வாய் பிடுங்குவார்கள். அந்தப் பக்கத்து சீட்டுக்காரரோ டபுள் ஏஜென்ட்! ஆன்லைனில் வாங்கி ஆபீஸ் முகவரி கொடுத்தவர்கள் மட்டும் தொலைந்தார்கள். ரிசப்ஷனிலிருந்து பெயரைக் கூப்பிட்டு, “மேடம், உங்களுக்கு ஆம்பளைங்க பர்ஸ் ஒண்ணு வந்திருக்கு” என்பார்கள், மாடி முழுக்கக் கேட்கும்.

ஆனால் இந்த மொத்த ரகசியமும் ஒரே ஒருவர் கையில் இருக்கிறது. ஹவுஸ்கீப்பிங் அக்கா. பரிசு அவர் மூலமாகத்தான் மேஜைக்குப் போகும். யார் கொடுத்தார்கள் என்று கேட்டால், “தெரியாதும்மா, டேபிள்ல இருந்துச்சு” என்று முகம் மாறாமல் சொல்லுவார். ஃபைவ் ஸ்டார் நீட்டினாலும் வாங்கிக்கொண்டு அதையேதான் சொல்லுவார். யாருக்கு யார் அம்மா என்ற பட்டியல் ஹெச்.ஆர். லேப்டாப்பில் பாஸ்வேர்டு போட்டு இருக்கிறது. அக்கா தலைக்குள் பாஸ்வேர்டே தேவைப்படாமல் இருக்கிறது. இத்தனை வேலை பார்க்கிறவர் பெயரைப் பல இடங்களில் சீட்டில் எழுதுவதே இல்லை. எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு. அவர் பங்குப் பணத்தை டீம் போட்டால் போச்சு, சேர்த்துக்கொள்ளுங்களேன்!

பரிசுக்குப் பெரும்பாலும் ஓர் உச்சவரம்பு உண்டு. சிரத்தையானவர்கள் சனிக்கிழமை பாரிமுனைக்குப் போய், ஆண்டர்சன் தெருவில் மினுமினுக்கும் தாளும் ரிப்பனும் அள்ளி வருவார்கள். உள்ளே வைப்பது ஒரு சாவிக்கொத்துதான். அதை டப்பாவுக்குள் டப்பாவாக ஒளித்து, கனத்துக்கு ரெண்டு உருளைக்கிழங்கு போட்டு, மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியில் அடைத்துவிடுவார்கள். பிள்ளை பிரித்துக்கொண்டே இருக்கும், டீம் சுற்றி நின்று வீடியோ எடுக்கும்.

ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1993இல் கிறிஸ்துமஸ் பரிசுகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பரிசின் விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீண் என்றார், பரிசு பெறுகிறவர் அதை அவ்வளவு குறைத்துத்தான் மதிக்கிறாராம். பாசத்தைக் கழித்துவிட்டு மதிப்புச் சொல்லுங்கள் என்று கேட்டு வாங்கிய கணக்கு அது. போட்டோ போட்ட காபி கப்பிலிருந்து பாசத்தைக் கழித்தால் மிச்சம் என்ன இருக்கும், சார்? ஒருத்தர் நமக்காக ரெண்டு வாரம் இடது கையால் எழுதியிருக்கிறாரே, அது எந்தக் கணக்கில் வரும்?

கடைசி நாள். சாண்டா தொப்பி, பிளம் கேக், வெறிச்சோடிய மேஜைகள். முதல் ஆள் எழுந்து தன் பிள்ளையைக் காட்ட, பிள்ளை தன் பிள்ளையைக் காட்ட, வட்டம் சரசரவென்று சுற்றும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கத்தல். “நீயா? நீயாடா?” கொடுவா மீசை அண்ணன் எழுந்து நின்றதும் ஃபிரெஷர் பெண் கேக்கைக் கீழே போட்டுவிடுவாள். இவர்தான் நம் அம்மா என்று தப்பாக முடிவுகட்டி, ஒருத்தருக்குப் பத்து நாளாக டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்த ஆள் ஒருவரும் நிச்சயம் இருப்பார். தின்றவர், “நீ நல்லவன்னு நினைச்சேன்டா” என்பார். அந்த டீக்காசுப் பஞ்சாயத்து பொங்கல் லீவு வரைக்கும் ஓடும்.